கோபர் கேஸ் குழியும் 2012 ஐப்பசியும்

குத்தாலத்துல சாரல் விழுந்தா ஊருக்கே கொண்டாட்டம். ஆனா 2012-ல சாரல் முடிஞ்ச பிறகு நாம பட்ட பாடு இருக்கே, அது இப்போ பலருக்கு மறந்தே போச்சு. எனக்கு மறக்கல. அதான் எழுதி வைக்கிறேன்.

செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காற்றுதான் நமக்குச் சாரல் தருது. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறதும் அதே காற்றுதான். அப்போது தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் சுமார் 7,000 மெகாவாட். ஆனி, ஆடி, ஆவணியில் கரண்ட் ஓரளவு இருக்கும். புரட்டாசி கடைசியில் காற்று அடங்கினால் கரண்டும் அடங்கிவிடும். 2008-லேயே தொடங்கிய மின்வெட்டு, அந்த ஐப்பசியில் வெளி மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியது. 2011-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த மிக்சியும் கிரைண்டரும் பரண் மேல ஏறிச்சு. அம்மியும் ஆட்டுரலும் திண்ணைக்கு இறங்கிச்சு.

கரண்ட்தான் இல்லை, கேஸாவது இருக்கேன்னு நெனச்சோம். 2012 செப்டம்பரில் மத்திய அரசு, வீட்டுக்கு வருசத்துக்கு ஆறு சிலிண்டருக்குத்தான் மானியம்னு சொல்லிட்டு. அதுக்கு மேல வேணும்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை. அந்தப் பயத்துல நான் தென்காசிக்குப் போய் ஒரு இண்டக்‌சன் அடுப்பு வாங்கிட்டு வந்தேன். கரண்ட் இல்லாத ஊருக்குக் கரண்ட் அடுப்பு! அம்மா சிரிச்சா.

ஆனா அவளுக்கு ஒரு கவலை இருந்துச்சு. தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. ஐப்பசி கடைசியில நாள் சொல்லியிருந்தாங்க. அடைமழைக் காலம், விறகெல்லாம் ஈரம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுல புகை ஆகாது. வெந்நீர் இல்லாமலும் ஆகாது.

"எலேய், ஒங்கப்பா வெட்டுன குழி சும்மாதானே கெடக்கு?" என்றாள்.

அது கோபர் கேஸ் குழி. 1981-82-ல் மத்திய அரசு தேசிய சாண எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கி, மானியம் கொடுத்து ஊர் ஊராகக் குழி வெட்ட வைத்தது. அதற்கு முன்பே 1960-களிலிருந்து காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பி வந்த இரும்பு டிரம் வகைதான் எங்க வீட்டுது. ரெண்டு கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணி. நாலஞ்சு மாடு இருந்தா ஒரு குடும்பத்துக்குச் சமையல் ஆகிடும். சிலிண்டர் வந்த பிறகு நான்தான் சாணி கரைக்கிறதை நிப்பாட்டினேன். குழியை மூடணும்னு அப்பாகிட்ட சண்டைகூட போட்டிருக்கேன். மூடாம விட்டது அவர் பிடிவாதம்.

புரட்டாசியில் வேலை ஆரம்பிச்சோம். துருப்பிடிச்ச டிரம்மை வெல்டிங் வைக்கக் கரண்ட் வேணுமே! பட்டறை வாசல்ல ரெண்டு நாள் காத்துக் கிடந்தேன். பிறகு குழியைச் சுத்தம் பண்ணி, சாணி நிரப்பினோம். முதல்ல வந்த வாயு எரியல. அதைத் திறந்து விட்டுட்டுக் காத்திருந்தோம். மூணாவது வாரம் அடுப்பில் நீலமா தீ பிடிச்சப்போ அம்மா எதுவும் சொல்லல. அப்பா படத்தைப் பார்த்தா.

குளிர்ந்தா வாயு ஊறுறது குறையும். அதனால வெயில் தலைகாட்டின நேரமாப் பார்த்துச் சாணி கரைச்சோம். பிள்ளையைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கும் கரண்ட் இல்ல. வெந்நீர் இருந்துச்சு.

2013 அக்டோபரில் கூடங்குளத்து மின்சாரம் வந்தது. மானிய சிலிண்டர் 2013-ல் ஒன்பது, 2014-ல் பன்னிரண்டு என்று ஏறியது. மின்வெட்டும் குறைந்தது. எங்க தெருவில் மற்றவங்க மாட்டையும் வித்து, குழியையும் மூடிட்டாங்க. நான் மூடல. காற்று, அணு உலை, டெல்லி உத்தரவு எதுவும் நம்ம கையில இல்ல. மாட்டுக்குத் தீனி போடுறது நம்ம கையில இருக்கு.

தங்கச்சி மகன் லீவுக்கு வந்தா டிரம் மேல ஏறி உக்காந்துக்குவான். பாரம் கூடும், உள்ளே அடுப்புத் தீ குப்புன்னு உயரும். "எறங்குல!"ன்னு அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுவா.