யேல் வளாகத்துக்கு வந்த ரெண்டு போலீஸ்காரங்க

காலேஜுக்குள்ள போலீஸ் வந்தாலே ஏதோ பிரச்சினைன்னுதான் நமக்குத் தோணும். ஆனா அமெரிக்காவுல பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாவே போலீஸ் இருக்கு. வாட்ச்மேன் இல்லைங்க, துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள போலீஸ். இது எப்படி ஆரம்பிச்சது?

நியூ ஹேவன் நகரம், யேல் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களுக்கும் ஊர்க்காரங்களுக்கும் நெடுநாள் பகை. அதுக்கு ஒரு காரணம், பிணம். உடற்கூறு பாடத்துக்காகக் கல்லறையைத் தோண்டுறாங்கன்னு ஊருக்குச் சந்தேகம். 1824-ல, புதைச்ச ஒரு இளம்பெண்ணோட உடல் மருத்துவக் கல்லூரியில கிடைக்க, கூட்டம் திரண்டு கட்டடத்தை முற்றுகையிட்டது.

பகை அடங்கவே இல்லை. 70 வருஷம் கழிச்சு, 1894-ல, வில்லியம் வைசர், ஜேம்ஸ் டொனலி என்கிற ரெண்டு நகரப் போலீஸ்காரங்களை யேலுக்குன்னே நியமிச்சாங்க. அமெரிக்க வளாகப் போலீஸோட தொடக்கம்னு இதைத்தான் சொல்றாங்க. வைசர் பிற்பாடு தன் அனுபவத்தைப் புத்தகமாவே எழுதினார்.

அடுத்து 1970 மே 4, கென்ட் ஸ்டேட். வெளியிலிருந்து வந்த நேஷனல் கார்டு படை 13 விநாடியில 67 குண்டு சுட்டது. 4 மாணவர்கள் இறந்தாங்க. மாணவர்களைத் தெரியாத படையை அழைக்கிறதைவிட, வளாகத்தை அறிஞ்ச போலீஸ் மேல்ங்கிற வாதம் அந்தக் காலத்துல வலுத்தது.

நியாயமான வாதம்தான். ஆனா தெரிஞ்ச முகம்னா மட்டும் போதாதுன்னு நான் நினைக்கிறேன். 2011-ல கலிபோர்னியாவோட டேவிஸ் வளாகத்துல, தரையில உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்துல பெப்பர் ஸ்பிரே அடிச்சது வெளிப்படை இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தோட சொந்தப் போலீஸ்.