பொதுப் போக்குவரத்தில் சக்கர நாற்காலிப் பிணைப்பு: ஸ்பிரிங்வெளி மலைப்பாதையை முன்வைத்து

சக்கர நாற்காலிப் பிணைப்பு என்பது, ஓடும் வாகனத்தில் நாற்காலியையும் அதில் அமர்ந்திருப்பவரையும் அசையாதபடி நிறுத்தும் ஏற்பாடு. இதில் கட்டுகள் இரண்டு. நாற்காலியை வாகனத்தின் தளத்தோடு இறுக்குவது ஒன்று. ஆளை ஆசனப்பட்டியால் காப்பது மற்றொன்று. நாற்காலியை மட்டும் கட்டினால் திடீர் பிரேக்கில் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார். ஆளை மட்டும் கட்டினால் நாற்காலியின் பாரம் முழுவதும் பின்னாலிருந்து அவர்மீது வந்து மோதும். நாற்காலியின் கைப்பிரேக்கை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. முன்னாலுள்ள சிறு சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பும். நின்ற இடத்தில் நாற்காலி உருளாமல் இருக்க மட்டுமே அது உதவும்.

ஊவா மாகாணத்தில், பதுளை நகருக்குத் தெற்கே, நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஸ்பிரிங்வெளி தோட்டப் பகுதியை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பிணைப்பு பற்றிய நூல்களும் தரநிலைகளும் சமதள நகரங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் பதுளையிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த நமுனுகுலவை நோக்கி ஏறும் பாதையில் அந்த விதிகளில் சில அப்படியே பொருந்துகின்றன, சில பொருந்துவதில்லை.

நான்கு வார் முறை

உலகெங்கும் அதிகம் கையாளப்படுவது நான்கு வார் முறை. நாற்காலி வாகனம் போகும் திசையைப் பார்த்தபடி நிற்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு வார்களின் கொக்கிகள் நாற்காலியின் சட்டத்தில் மாட்டப்பட்டு, தளத்தில் பதித்த தண்டவாளத்தில் இறுக்கப்படும். கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட உறுதியான மூலைகளே சரியான இடம். சக்கரம், கால்மிதி, கைத்தாங்கி, கழற்றி மாட்டும் எந்தப் பாகமும் ஆகாது. இழுப்பு வந்தால் அவை கையோடு கழன்று வந்துவிடும். பின்வார்கள் தளத்துக்கு 30 முதல் 45 பாகை வரையான சாய்வில் இருக்க வேண்டும். முன்வார்கள் சற்றுச் செங்குத்தாக, 40 முதல் 60 பாகை வரை இருக்கலாம். முன்னால் மோதும்போது பாரம் முழுவதையும் தாங்குவது பின்வார்கள்தான்.

அடுத்தது ஆளுக்கான பட்டி. இடுப்புப்பட்டி வயிற்றின்மேல் அல்லாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். கைத்தாங்கிக்கு மேலாகப் போட்டால் பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இடைவெளி விழும். கைத்தாங்கிக்கு உள்ளே நுழைத்து, உடம்போடு ஒட்டிப் போட வேண்டும். தோள்பட்டி கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே இறங்க வேண்டும். நாற்காலியோடு வரும் மெல்லிய வெல்க்ரோ பட்டி உட்கார்ந்த நிலை சரியாமல் இருக்க மட்டுமே. விபத்தில் அது நூல்போல அறுந்துவிடும்.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 2001இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 10542, ஐ.எஸ்.ஓ. 7176-19 ஆகிய தரநிலைகளின்படி, பிணைப்பும் நாற்காலியும் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நேர்மோதலுக்கு உட்படுத்தப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அப்போது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை எழும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோ நாற்காலியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றரைத் தொன் பாரமாக முன்னால் பாய்கின்றன. மின்கலத்தில் ஓடும் 85 கிலோ நாற்காலி என்றால் நாற்காலி மட்டுமே 1,700 கிலோ. கயிற்றாலோ சேலைத் துணியாலோ கட்டி இதை நிறுத்த முடியாது.

நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும் பழக்கம் பல நாடுகளில் பழைய ஆம்புலன்ஸ்களிலும் பாடசாலை வான்களிலும் இருந்தது. மோதலின்போது உடம்பு பக்கமாக முறியும் என்பதால் இன்றைய தரநிலைகள் அதை ஏற்பதில்லை.

பின்நோக்கி அமரும் முறை

ஐரோப்பிய நகரப் பஸ்களில் வேறொரு வழி வளர்ந்தது. பயணி பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்தபடி நாற்காலியை நிறுத்தி, முதுகை ஓர் உறுதியான தாங்கு பலகையோடு ஒட்டி வைத்துக்கொள்வார். வாரும் இல்லை, கொக்கியும் இல்லை. பிரேக் போட்டால் பலகை தாங்கும். பிறர் கையை எதிர்பார்க்காமல் தாமே ஏறி, தாமே நின்று, தாமே இறங்கலாம் என்பதே இதன் சிறப்பு. பல பயணிகள் இதை விரும்புவதும் அதற்காகத்தான். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இதற்கென 130 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடத்தைக் கட்டாயமாக்கின. சிங்கப்பூர் பஸ்களிலும் இதே முறைதான். இதற்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 10865-1.

ஆனால் இது ஒரு நிபந்தனையோடு வருகிறது. பெரிய, கனமான நகரப் பஸ் மெதுவாக ஓடும். அதன் திடீர் பிரேக்கிலும் விசை புவியீர்ப்பின் அளவை அரிதாகவே தாண்டும் என்ற எடுகோளில் நிற்கும் முறை இது. ஊவா மலைப்பாதைக்கு அந்த எடுகோள் பொருந்தாது. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. 55 சென்டிமீட்டர் அகல நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் பாரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பாதையின் சரிவும் ஒரு குழியும் சேர்ந்தால் அந்த நாற்காலி கவிழ இந்த விசை போதும். வளைவுக்கு வளைவு விசை இடமும் வலமுமாக மாறும். முதுகுப்பலகை பக்கவாட்டில் எதையும் தடுப்பதில்லை. ஏற்றத்தில் பின்நோக்கி இருப்பவரின் உடம்பு பலகையை விட்டு விலகும். ஆகவே ஸ்பிரிங்வெளி போன்ற பாதைகளுக்கு நான்கு வார் முறையே உரியது. ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ பார்த்ததை அப்படியே கொண்டுவருவது தவறு.

பதுளை மாவட்டத்துப் பாதைகள் எவ்வளவு கடுமையானவை என்பதை நாடே அறியும். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் மைல்கல் அருகே பள்ளத்தில் வீழ்ந்து குறைந்தது 14 பேர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். பட்டி பற்றிய பேச்சு இங்கே அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏறுவதே முதல் தடை

இவ்வளவும் நாற்காலி பஸ்ஸுக்குள் வந்த பிறகு நடப்பவை. ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஆள் அமர்ந்த நாற்காலி பஸ்ஸுக்குள் வருவதே இல்லை.

இலங்கையில் ஓடும் பெரும்பாலான பஸ்கள் லொறியின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்டவை. தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஏற மூன்று செங்குத்தான படிகள். வாசலின் நடுவிலோ ஓரத்திலோ கைப்பிடிக் கம்பி. மடக்காத நாற்காலி அதில் நுழையாது. ஆகவே நடப்பது இதுதான்: தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து ரோட்டுக்கு வரும் கற்படிகளில் மகனோ மருமகனோ நோயாளியை உப்புமூட்டையாகத் தூக்கி வருவார். நாற்காலியை மடக்கி இன்னொருவர் கொண்டுவருவார். பஸ் நின்றதும் கண்டக்டரும் முன்னால் நிற்கும் இரண்டு பேரும் கைகொடுக்க, தோளும் முழங்காலும் பிடித்து ஆளை மேலே ஏற்றி முன் ஆசனத்தில் இருத்துவார்கள். "பாத்து, பாத்து, கால் இடிக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். நாற்காலி மரக்கறி மூட்டைகளுக்கு இடையிலோ சாரதிக்குப் பக்கத்திலோ சாத்தப்படும். மலையகத்து மக்கள் இந்த உதவியில் குறை வைப்பதில்லை. ஆனால் தூக்கும் கைகள் எத்தனை அன்பானவையாக இருந்தாலும், முள்ளந்தண்டு காயப்பட்டவரை அக்குளில் பிடித்துத் தூக்குவது அவருக்குத் தீங்கு. உணர்வில்லாத காலில் பட்ட சிராய்ப்பு புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

நாற்காலியிலிருந்து வாகன ஆசனத்துக்கு மாற முடிந்தவர் மாறுவதே நல்லது என்று தரநிலைகளும் சொல்கின்றன. விபத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட ஆசனம் எந்த நாற்காலியையும்விட உறுதியானது. நன்கொடையாகக் கிடைக்கும் துணி இருக்கை வைத்த மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் மோதல் சோதனைக்கு உட்படாதவை என்பதால், ஊவாவில் இந்த அறிவுரைக்கு இன்னும் பொருள் உண்டு. ஆனால் அதற்கு அந்த ஆசனத்தில் பட்டி இருக்க வேண்டும். கழற்றிய நாற்காலியும் கட்டப்பட வேண்டும். 18 கிலோ இரும்பு தளர்வாகக் கிடந்தால் மோதலில் அது அடுத்த பயணியின் தலைக்கு ஆபத்து.

பஸ் முடியாதபோது மக்கள் நம்புவது முச்சக்கரவண்டியை. அதில் நாற்காலியோடு ஏற வழியில்லை. மடக்கிப் பின்னாலோ மேலேயோ கட்ட வேண்டும். பின்னாசனத்தில் இருவருக்கு நடுவே நோயாளியை இறுக்கி உட்காரவைப்பதுதான் அங்கே கிடைக்கும் ஒரே பிணைப்பு. வாடகையோ பஸ் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நாட்கூலியில் வாழும் குடும்பம் இதனால் பதுளை வைத்தியசாலையின் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடுகிறது. 1924இல் பதுளைக்கு வந்த ரயில் இந்த மாவட்டத்தின் பெருமை. ஆனால் அதன் பெட்டி வாசலும் குறுகல், மேடையும் பெட்டித் தளமும் ஒரே மட்டத்தில் இல்லை.

சட்டம்

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. 1992இல் ஓடும் காரின்மீது மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016 பெப்ரவரியில் இலங்கை வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை போக்குவரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஐந்தும் அதற்கு மேலும் வயதுடையோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் உள்ளவர்கள். சாய்தளம் வைத்த கட்டடங்கள் கூடியிருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்குப் போகும் பஸ் பெரும்பாலும் மாறவில்லை.

பிற நாடுகளில் பஸ் தானாக மாறவில்லை. 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் சக்கர நாற்காலியில் இருந்த 19 பேர் பஸ்களை மறித்து வீதியிலேயே இரவைக் கழித்தார்கள். 1990இல் அங்கே வந்த வலுவிழந்தோர் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், பிணைப்பிடத்தின் அளவையும், நாற்காலி இரண்டு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பதையும் வரையறுத்தன. தமிழ்நாட்டில் பல ஆண்டு நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின், 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் சாய்தளம் கொண்ட 58 தாழ்தளப் பேருந்துகளை ஓடவிட்டது. இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தைக் குழந்தை வண்டி அடைத்துக்கொண்டதால் பஸ்ஸில் ஏற முடியாமல்போன டக் பாலி தொடுத்த வழக்கில், இடத்தை விடும்படி சாரதி கேட்பதோடு நின்றுவிடக் கூடாது என்று 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூட்டைகளும் விறகுக் கட்டும் ஏறும் தோட்டத்துப் பஸ்ஸுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் நெருக்கமானது.

மலைக்கு ஏற்ற வாகனம்

தாழ்தளப் பஸ் ஸ்பிரிங்வெளிக்கு வராது. அதன் அடிப்பகுதி தரையோடு ஒட்டியது. குழியும் கல்லும் கூரிய ஏற்ற வளைவும் உள்ள தோட்டப் பாதையில் அது உரசி நிற்கும். இங்கே ஏற்கெனவே ஓடும் நடுத்தர அளவுப் பஸ்ஸின் பின்புறத்தில் நாற்காலியை மேலேற்றும் ஒரு தூக்கியைப் பொருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. பின்வரிசையில் இரண்டு மூன்று ஆசனங்களை எடுத்துவிட்டுத் தளத்தில் தண்டவாளம் பதித்தால் ஒரு நாற்காலிக்கு வேண்டிய 75க்கு 130 சென்டிமீட்டர் கிடைக்கும். நான்கு வார், ஒரு மூன்றுமுனை ஆசனப்பட்டி, மின்சாரம் நின்றால் தூக்கியைக் கையால் இயக்கும் வசதி: தேவை இவ்வளவுதான். வாரில் வெட்டு, நூல் பிரிதல், கொக்கியில் துரு உண்டா என்று பார்ப்பது சாரதியின் காலை வேலைகளில் ஒன்றாக வேண்டும். மழையும் சேறும் நிறைந்த ஊவாவில் தளத் தண்டவாளத்தில் மண் அடைத்தால் பூட்டு சரியாக விழாது. அதைத் துடைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.

பயிற்சி முக்கியம். பயணியிடம் கேட்காமல் நாற்காலியைத் தள்ளத் தொடங்கக் கூடாது என்பதிலிருந்து அந்தப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும். தம் உடம்பில் எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அதைத் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடியவராகக் கண்டக்டர் இருப்பதும் தோட்டப் பாதையில் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

நகரங்களுக்குப் புதிய பஸ்கள் வாங்கப்படும்போது மலைநாட்டுப் பாதைகளுக்கும் ஒரு பங்கு கேட்பது தோட்ட மக்களின் உரிமை, சலுகை அல்ல. பதுளை–ஸ்பிரிங்வெளிப் பாதையில், கிளினிக் நாட்களின் காலையிலும் மாலையிலுமாவது, தூக்கியும் நான்கு வாரும் உள்ள ஒரு பஸ்ஸை மாகாணப் போக்குவரத்து அதிகாரிகள் ஓடவிட வேண்டும்.