அறுபதுக்கு நாற்பது: ஒரு தேயிலை டிவிடெண்ட் வழக்கைத் திரும்பப் படித்தல்

கோம்பைக்கு மேற்கே மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. முகட்டில் ராமக்கல்மேடு. அதைத் தாண்டினால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். பள்ளத்தாக்கின் கிழக்குக் கரையில் மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு என்று தேயிலை பரந்து கிடக்கிறது. வேட்டைநாய்க்குப் பேர்போன ஊரை வரிச் சட்ட ஆய்வில் இழுப்பானேன் என்று கேட்கலாம். இரு பக்க மலைகளிலும் விளையும் இந்த இரண்டு பயிர்களிடம் வருமான வரிச் சட்டம் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு என்பதே காரணம். ஏலக்காயைப் பறித்து, சூட்டில் உலர்த்தி, போடி ஏல மையத்துக்கு அனுப்பும்வரை எல்லாம் விவசாயக் கணக்கு. விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றதாக்க உழவர் வழக்கமாகச் செய்யும் வேலையையும் சட்டம் விவசாயம் என்றே கொள்கிறது. தேயிலையில் கொழுந்து வரைதான் நிலம். வாட்டுவதும் சுருட்டுவதும் புளிக்கவைப்பதும் தொழிற்சாலை.

அப்படியானால் ஒரு கிலோ தூளின் லாபத்தில் நிலத்தின் பங்கு எவ்வளவு? 1886ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விவசாய வருமானத்தை விலக்கியது முதல் இந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. 1920இல் கில்லிங் வேலி தேயிலைக் கம்பெனி வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. விளைவிப்பு விலக்குக்கு உரியது, தயாரிப்பு வரிக்கு உரியது என்று பிரித்தது. 1922 சட்டத்தின் 24ஆம் விதி அந்தப் பிரிவினைக்கு எண் கொடுத்தது: முழு வருமானத்தையும் வியாபார வருமானம்போலக் கணக்கிட்டு, 40 சதவீதத்துக்கு மட்டும் மத்திய வரி. ஏன் 40, ஏன் 35 இல்லை என்பதற்கு விதியில் ஒரு சொல்கூட இல்லை. அதே எண் 1962 விதிகளில் 8ஆம் விதியாகத் தொடர்ந்தது. மீதி 60 மாநிலங்களுக்கு. அன்றைய சென்னை மாநிலம் 1955இல் தோட்டப் பயிர்களுக்கென விவசாய வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தது. முகட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர்-கொச்சி 1950இலேயே முந்திக்கொண்டிருந்தது. கேரள அரசு தன் 60இல் கூடுதலாகக் கைவைக்கப் பார்த்தபோது, கரிம்தருவி தேயிலைக் கம்பெனி வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம் தடுத்தது. இளஞ்செடிப் பராமரிப்புச் செலவை மாநிலம் தன் இஷ்டத்துக்குக் கழிக்க மறுக்க முடியாது, மத்திய விதிப்படி வந்த கணக்கில்தான் 60 எடுக்க வேண்டும் என்றது.

இதுவரை யாருக்கும் பெரிய சண்டையில்லை. லாபம் கம்பெனியை விட்டு வெளியே போகும் இடத்தில்தான் பிரச்சினை.

பாச்சா எஃப். குஸ்தார் என்ற பம்பாய்ப் பங்குதாரருக்கு பட்ரகோலா, பிஷ்நாத் என்ற இரண்டு தேயிலைக் கம்பெனிகளிலிருந்து 1949-50 கணக்காண்டில் கிடைத்த டிவிடெண்ட் மொத்தம் 2,750 ரூபாய். கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம் என்றால், அதிலிருந்து பிரித்துத் தந்த டிவிடெண்டிலும் அதே 60, அதாவது 1,650 ரூபாய், விவசாய வருமானம்தானே என்பது அவர் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. 1954 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குலாம் ஹசன். பங்குதாரருக்கு நிலத்தில் உரிமை இல்லை. கம்பெனி தனி நபர். டிவிடெண்டின் நேரடி ஊற்று பங்கு தரும் உரிமையே, வயல் இல்லை. கம்பெனிச் சட்டப் பாடநூல்களில் கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு என்பதற்கு இன்றும் காட்டப்படும் முதல்வரிசை வழக்குகளில் இது ஒன்று. ஆனால் வரி யார் மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர் மேல், வாங்கியவரின் கையில் அந்தப் பணம் என்ன என்பதே அங்கே கேள்வி.

1997இல் நிலைமை தலைகீழானது. வருமான வரிச் சட்டத்தில் 115-ஓ பிரிவு வந்து, டிவிடெண்டைப் பங்குதாரர் கையில் வரியின்றி விட்டுவிட்டு, அதைக் கொடுக்கும் கம்பெனியின் மேல் கூடுதல் வரி போட்டது. தொடக்கத்தில் 10 சதவீதம். கடைசிக் காலத்தில் மேல்வரிகளோடு 20.56ஐ எட்டியது. தேயிலைக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லையே, 60 சதவீதத்தின் மேல் எப்படி வரி? கல்கத்தா உயர் நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்று சொல்லி, 40 சதவீதத்துக்கு மட்டும் அதைச் சுருக்கியது. அந்த வாசிப்பில், கடைசிக் கால விகிதப்படி, நூறு ரூபாய் டிவிடெண்டுக்குக் கம்பெனி கட்ட வேண்டியது சுமார் 8.22 ரூபாய். 2017 செப்டம்பர் 20 அன்று டாடா டீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து முழு டிவிடெண்டின் மீதும் வரியை உறுதிசெய்தது. அதற்கு ஊன்றுகோல் குஸ்தார் வழக்கு: அறிவிக்கப்பட்ட டிவிடெண்ட் விவசாய வருமானம் இல்லை என்று 1954இலேயே சொல்லியாயிற்று, ஆகவே நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

இந்த வாசிப்போடுதான் இக்கட்டுரைக்கு உடன்பாடில்லை. குஸ்தாரின் தர்க்கம் பங்குதாரரின் கையில் நிற்பது. கையில் பணம் வந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் தர்க்கம் அது. 115-ஓவில் கம்பெனி டிவிடெண்ட் வாங்கவில்லை, கொடுக்கிறது. அந்த அத்தியாயத்தின் தலைப்பே பகிர்ந்தளிக்கப்பட்ட லாபத்தின் மீதான வரி என்றுதான் சொல்கிறது. தன் வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டாத கம்பெனிகூட இதைக் கட்ட வேண்டும். கட்டிய வரிக்குக் கம்பெனியோ வேறு யாருமோ சலுகை கேட்க முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. அதே 2017இன் மே மாதம் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், 115-ஓ வரி பங்குதாரருக்காகக் கட்டப்படுவது இல்லை என்ற நிலையை எடுத்து, பங்குதாரரின் கோரிக்கையைத் தள்ளியது. மே மாதத்தில் கம்பெனியின் வரியாக நின்றதைச் செப்டம்பரில் பங்குதாரரைப் பற்றிய வழக்கை வைத்துத் தாங்கிப்பிடிப்பது பொருந்தவில்லை.

இதனால் கல்கத்தா சொன்னது சரியென்று ஆகிவிடாது. அறுபதுக்கு நாற்பது ஓர் ஆண்டின் வருமானத்தை அளக்கும் கோல். பணத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் சாயம் இல்லை. டிவிடெண்ட் பல ஆண்டுகளின் சேமிப்பிலிருந்து வரலாம். அதில் வெளியில் வாங்கிய இலையில் செய்த தூளின் லாபமும் (அது முழுக்க வியாபாரம்), வங்கி வட்டியும் கலந்திருக்கும். அதில் 60ஐத் தோண்டி எடுப்பது எப்படி? தீர்ப்பின் முடிவு நிற்கக்கூடும். அதற்குப் போட்ட அடித்தளம் வேறாக இருந்திருக்க வேண்டும் என்பதே வாதம். ஆதாரம் இங்கே மெலிந்தது என்பதும் உண்மை. 2020இல் 115-ஓ வரி முடிவுக்கு வந்து டிவிடெண்ட் மறுபடி பங்குதாரர் கையில் வரிக்கு உள்ளானதால், இந்த வழக்கை மேலும் சோதிக்க வாய்ப்பு குறுகிவிட்டது.

நிதியறிக்கையில் கோடு இன்னொரு இடத்தில் விழுகிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு 2016, 2017 ஏப்ரல்களில் படிப்படியாக வந்த இந்தியக் கணக்கியல் தரம் 41, கொழுந்தைப் பறிக்கும் கணத்தில் விவசாயத்தை முடித்துக்கொள்கிறது. பறித்த இலைக்கு அன்றைய நியாய மதிப்பு. அதற்குப் பின் சரக்கிருப்புக் கணக்கு. தேயிலைச் செடியோ தரம் 16இன்படி இயந்திரம்போல ஒரு நிலையான சொத்து. ஆக, கணக்கியலில் கோடு ஒரு கணம். வரியில் அது ஒரு விகிதம். இந்த இடைவெளி நிர்வாகத்தின் முடிவுகளிலும் தெரியும். ஏற்கெனவே பயிரிட்ட பரப்பில் பட்டுப்போன செடிக்குப் பதில் புதிதாக நடும் செலவை 8ஆம் விதி வருமானத்திலிருந்தே கழிக்க விடுகிறது. அதே செலவு புத்தகத்தில் சொத்தாக ஏறி ஆண்டுதோறும் தேய்மானமாகும். வித்தியாசம் ஒத்திவைத்த வரியாகப் பதிவாகும். பழைய செடியைப் பிடுங்கி நடுவதும் புது நிலம் வாங்கி நடுவதும் தோட்டத்தில் ஒரே மாதிரி வேலைதான், வரித்தாளில் அப்படியில்லை. 33ஏபி பிரிவில் தேயிலை வளர்ச்சிக்காகப் பணம் வைப்புச்செய்து கழிவு பெறும் கம்பெனி, 2019இல் வந்த 22 சதவீத வரிவிகிதத்தைத் தேர்ந்தால் அந்தக் கழிவை இழக்கும். மறுநடவு அதிகம் உள்ள தோட்டக்காரரும், பாக்கெட்டில் அடைத்து விற்பதே பெருந்தொழிலாகிவிட்ட கம்பெனியும் இங்கே ஒரே முடிவுக்கு வர மாட்டார்கள்.

இரண்டாவது வகைக்குக் கண்ணெதிரே இருக்கும் எடுத்துக்காட்டு மூணாறு. டாடா டீ 2005இல் தன் மூணாறுத் தோட்டங்களைத் தொழிலாளர்களே பெரும்பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் கம்பெனியிடம் ஒப்படைத்து, சிறுபான்மைப் பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. வரியைக் கணக்கிட்டுத்தான் இதைச் செய்தார்கள் என்று வாதிட ஆசையாக இருக்கிறது, ஆனால் தேயிலை விலைச் சரிவும் கூலிச் செலவும் அந்த ஆண்டுகளில் அழுத்திய அழுத்தமே போதுமான காரணம். வரியின் பங்கைத் தனியே பிரித்து நிறுவ முடியாது. விளைவு என்னவோ தெளிவு. தோட்டக் கம்பெனியில் லாபத்துக்கு இன்றும் அறுபதுக்கு நாற்பது. அங்கிருந்து பட்டியலிட்ட பங்குதாரக் கம்பெனிக்கு வரும் டிவிடெண்டில் அந்த 60 மறைந்து, முழுத் தொகையும் 1954 தீர்ப்பின்படி வரிக்குள் வருகிறது. வாங்கிய டிவிடெண்டைத் தன் பங்குதாரர்களுக்கு மறுபடி பகிர்ந்தால் மட்டும் 80எம் பிரிவு அந்த அளவுக்குக் கழிவு தருகிறது.