எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை

இரைப்பையைச் சிறிதாக்கியோ, சாப்பாடு போகும் குடல்வழியை மாற்றியோ கடுமையான உடற்பருமனுக்குச் செய்யப்படும் சிகிச்சை இது. மருத்துவர்கள் பேரியாட்ரிக் சர்ஜரி என்பார்கள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, கல்லீரல் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை இதனால் குறைவதால், வளர்சிதை மாற்ற அறுவை என்ற பெயரும் இதற்கு உண்டு. சென்னையில் பல பெரிய தனியார் மருத்துவமனைகளில் இது நடக்கிறது. சிறு துளைகள் வழியே அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையைத் தமிழ்நாட்டில் பரப்பியவர்களில் ஒருவரான மருத்துவர் சி. பழனிவேலு கோவையில் நிறுவிய ஜெம் மருத்துவமனைக்குப் பெருங்குடியிலும் கிளை இருக்கிறது.

கோடம்பாக்கமும் ஒரு குழப்பமும்

சென்னையின் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்தில் படப்பிடிப்புத் தளமும் மருத்துவமனையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. வாஹினி ஸ்டூடியோவை நடத்திய பி. நாகிரெட்டி அதன் அருகிலேயே 1972-ல் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். உடம்பைத் திரைக்கேற்ற அளவில் வைத்திருப்பதே பிழைப்பு என்று வாழ்பவர்கள் நிறைந்த பகுதி என்பதால், ‘எடை குறைக்கிற ஆபரேஷன்’ என்றாலே கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்ற எண்ணம் இங்கே பரவலாக உள்ளது. இரண்டும் வேறு வேறு. லைபோசக்‌ஷன் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை ஓரிடத்தில் எடுத்து உருவத்தைத் திருத்தும் அழகுச் சிகிச்சை. அதனால் பசி மாறாது, சர்க்கரையும் இறங்காது. ‘பம்பரக் கண்ணாலே’ படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தபோது, சில வாரங்களுக்கு முன் அவர் லைபோசக்‌ஷன் செய்துகொண்டிருந்த செய்தி வெளிவந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு, கட்டுக்கடங்காத சர்க்கரையோடு 110 கிலோ எடையில் தவிக்கும் ஒருவர் தமக்குத் தேவையான சிகிச்சையையே ஒதுக்கிவிடக் கூடாது. பத்துக் கிலோ குறைத்து அழகாகத் தெரிய விரும்பும் ஒருவர் பேரியாட்ரிக் அறுவையைக் கேட்டு வருவதும் சரியில்லை. அவருக்கு இது உரியதன்று.

யாருக்கு உரியது

உடல் எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 30 என்பது சுமார் 82 கிலோ, 35 என்பது 95 கிலோ, 40 என்பது 109 கிலோ. 1991-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் வகுத்த அளவுகோல் 40. உடன்நோய்கள் இருந்தால் 35. அதுவே முப்பது ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. 2022-ல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து அதை 35 ஆகவும், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30 ஆகவும் தளர்த்தின. ஆசிய மக்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்றன. நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் 39.5 விழுக்காட்டினருக்குத் தொந்திப் பருமனும் இருப்பதாகக் கணித்தது.

வகைகள்

இன்று மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட, எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வெட்டிய பகுதியைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே கொள்ளளவோடு பசியும் குறைகிறது. நெஞ்செரிச்சல் அதிகமுள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று, இருக்கிற எரிச்சலைக் கூட்டிவிடும்.

மற்றது பைபாஸ். அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966-ல் இதன் முன்வடிவைச் செய்தார். 1994-லிருந்து லேப்ராஸ்கோப்பியிலும் நடக்கிறது. இரைப்பையின் மேல்முனையில் சிறு பையொன்றைப் பிரித்து, சிறுகுடலை அதோடு நேரடியாக இணைப்பார்கள். சாப்பாடு மேல்குடலைத் தொடாமல் போவதால் குடல் ஹார்மோன்கள் மாறி, எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. ஒரே இணைப்போடு முடியும் மினி பைபாஸும் இந்தியாவில் நிறைய நடக்கிறது.

பலன் எவ்வளவு? ஒன்று ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைவது வழக்கம். பைபாஸில் சற்றுக் கூடுதல். பின்னர் ஓரளவு எடை திரும்புவதும் இயல்பே. சர்க்கரையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 150 பேரிடம் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு (2017) தெளிவாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6 அல்லது அதற்குக் கீழ் நின்றவர்கள் மருந்து மட்டும் எடுத்த குழுவில் 5 விழுக்காடு, ஸ்லீவில் 23, பைபாஸில் 29. இதே கணக்கின் மறுபக்கத்தையும் நோயாளி பார்க்க வேண்டும்: ஐந்தாண்டு கழித்து, அறுவை செய்தவர்களிலும் பெரும்பாலானோர் அந்த அளவை எட்டவில்லை. ‘ஆபரேஷன் பண்ணா சுகர் போயிடும்’ என்று உறுதி கொடுப்பவர்களை நம்ப வேண்டாம்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை, தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை, டயட்டீஷியனோடும் மனநல மருத்துவரோடும் பேச்சு என்று ஆயத்தமே சில வாரங்கள் ஆகும். கல்லீரல் சுருங்குவதற்காக ஓரிரு வாரம் மாவுச்சத்து குறைந்த பத்தியம் உண்டு. புகையை விட்டாக வேண்டும். பொது மயக்கத்தில் நான்கைந்து சிறு துளைகள் வழியே ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறுவை முடியும். அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்கவைப்பார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமலிருக்க அந்த நடை முக்கியம். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம்.

பிறகுதான் நோயாளியின் வேலை தொடங்குகிறது. முதல் இரு வாரம் நீராகாரம் மட்டும்: தெளிந்த ரசம், நீர்மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், புரதப் பவுடர். எல்லாமே சிறு சிறு மடக்காக. அதன்பின் மசித்த உணவு, பிறகு குழைந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் சிக்கலே புரதம்தான். ஒரு நாளைக்கு 60 கிராமாவது தேவை. இட்லியும் சாதமும் அந்தச் சிறிய இடத்தை அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடமிருக்காது. எனவே தட்டில் முதலில் பருப்பு, சுண்டல், பனீர், முட்டை, மீன். சாதம் கடைசியில் ஒரு கரண்டி. மயிலாப்பூரின் சைவ வீடுகளில் பி12 குறைபாடு அறுவைக்கு முன்பே இருக்க வாய்ப்புண்டு, ஆகவே பரிசோதித்து, சரிசெய்துவிட்டே அறுவை மேசைக்குப் போக வேண்டும். ஏகாதசி, கிருத்திகை விரதங்களை, குறிப்பாகத் தண்ணீரும் குடிக்காத விரதங்களை, முதல் மாதங்களில் விட்டுவிடுவது நல்லது. நீர்வற்றலே மருத்துவமனைக்குத் திரும்பி வருவோரிடம் அடிக்கடி காணப்படும் காரணம். கல்யாணப் பந்தியில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று பாசத்தோடு இலையில் விழும் பாயசம், பைபாஸ் செய்தவருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு தரலாம். வீட்டாருக்கு முன்பே சொல்லிவைப்பது நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

மூன்றாவது மாதம் தொடங்கி முடி கொத்தாக உதிரலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். தோல் தொய்யும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பைக் கல் வரலாம். பெண்கள் ஒன்று ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடுவதால் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுதும். பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போட்டால் இணைப்பில் புண் வரலாம்.

ஆபத்துகள், காப்பீடு, மாற்று மருந்து

அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒன்று அளவுக்குக் குறைந்திருக்கிறது. தையல் கோட்டில் கசிவு, ரத்தப்போக்கு, நுரையீரலுக்குப் போகும் ரத்த உறைவு ஆகியவையே அஞ்ச வேண்டியவை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரான பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. செலவு எவ்வளவு என்று கேட்கும்போதே, நெருக்கடி வந்தால் இதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் 24 மணி நேர மருத்துவரும் உண்டா, வேறு இடத்துக்குத்தான் ஆம்புலன்சில் அனுப்புவீர்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த நெறிப்படி, 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து, மற்ற முறைகள் பலிக்காத நிலையில் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, பருமன் அறுவை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கிவிட முடியாது. பாலிசியின் காத்திருப்புக் காலத்தைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 மார்ச்சில் டிர்செபடைடு ஊசியும், ஜூனில் எடைக்குறைப்புக்கான செமாகுளூடைடு ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்தபின், கத்தியே வேண்டாம் என்போர் கூடியிருக்கிறார்கள். பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டியவர்களுக்கு அது நியாயமான வழி. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதால், பல ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 40-ஐத் தாண்டியவர்களுக்கு நீடித்த பலனில் அறுவையே இன்றும் முன்னால் நிற்கிறது.

வீடு திரும்பியபின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடினாலோ, காய்ச்சல், தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும். பல நாள் வாந்தி தொடர்ந்தால் தயமின் சத்து குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். அப்போது குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும் என்பதால், வேறு ஊரிலோ பக்கத்து கிளினிக்கிலோ காட்ட நேர்ந்தாலும் என்ன அறுவை, எந்தத் தேதி என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாள் கையோடு இருக்க வேண்டும்.