இராசபாளையம் நாய்: வேட்டைத் துணையிலிருந்து வீட்டுக் காவலுக்கு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. இப்பகுதிக்குரிய இராசபாளையம் நாய் வேட்டைத் துணை என்ற நிலையிலிருந்து வீட்டுக் காவலுக்கு உரியதாக மாறிய வரலாற்றையும், அதன் வெண்ணிறம் காவல் திறனுக்கு விளைவித்த ஊறினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேட்டையும் காவலும்

ஆந்திரப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து இராசபாளையத்தில் நிலைபெற்ற ராஜுக்களோடு இந்நாயினத்தின் வரலாறு பிணைந்துள்ளது. காட்டுப்பன்றி வேட்டை, வீடு, தோட்டக் காவல் ஆகிய பணிகளுக்கு இது பயன்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்ற வேட்டையையும் நிறுத்தியது. இதற்கிடையில் 1988இல் திருவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல்நிற அணில் சரணாலயமாக்கப்பட்டது. 2021இல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. வேட்டைக்களம் மூடப்பட்டபின் எஞ்சிய முதன்மைப் பணி காவலே.

பயிற்சியின் அடிப்படை

காவல் பயிற்சி அடித்தோ சினமூட்டியோ கற்பிப்பதன்று. குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 12 வாரம் வரையிலான காலமே அதன் சமூக உறவுகளைத் தீர்மானிக்கிறது என்பதை ஸ்காட், புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. அப்பருவத்தில் வீட்டாரோடும் விருந்தினரோடும் பழகிய நாயே பின்னர் இயல்பான வருகையையும் அயலாரின் நுழைவையும் வேறுபடுத்தி அறியும். அயலாரிடம் இயல்பாகவே ஒதுங்கும் இந்நாய்க்கு வெறியூட்டல் தேவையில்லை. குரலுக்குக் கட்டுப்படும் பழக்கமே தேவை.

நிறமும் செவியும்

குரலுக்குக் கட்டுப்படச் செவி வேண்டும். தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இவ்வினத்தின் இலக்கணமாகப் போற்றப்படுகின்றன. ஆனால், உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாத குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறனை இழக்கக்கூடும். ஒரு செவி மட்டும் கேளாத நாயால் ஒலி வரும் திசையை அறிய இயலாது. ஆயினும் இக்குறை சோதனையின்றி எளிதில் புலப்படுவதில்லை. செவிப்புலனைச் சோதிக்கும் களமாக வேட்டை இருந்தது எனக் கருதலாம். அது மறைந்தபின் நிறமே தெரிவின் அளவுகோலாக எஞ்சியது.

முடிவுரை

2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினங்களின் தலைகளுள் இராசபாளையமும் இடம்பெற்றது. இப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், இணைசேர்க்கைக்கு முன் செவித்திறனைச் சோதித்தலும், ஒரு செவி கேளாத நாயையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்குதலும் இன்றியமையாதன. காவல் நாயின் முதற்கருவி செவியே.