1981: வானக் கட்டுப்பாட்டாளர்களின் மனக்குறை

அமெரிக்காவில் 1981 ஆகஸ்டு 3 அன்று ஏறத்தாழ 13,000 வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரு நாள் கெடு முடிந்ததும், பணிக்குத் திரும்பாத 11,345 பேரை அதிபர் ரீகன் நீக்கினார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம்தான் அது!

ஊதிய உயர்வும் வாரத்திற்கு 32 மணி நேர வேலையும் கோரப்பட்டதால், அப்போராட்டம் பணத்தாசையின் விளைவென்றே பலராலும் கருதப்பட்டது. ஆயின், கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் மேலதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்குமான உறவு சீர்குலைந்திருந்ததை 1970இலேயே கார்சன் குழு சுட்டியிருந்தது. வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்ட பின், 1982இல் ஜோன்ஸ் குழுவும் ஊழியர்க்குச் செவிகொடாத அதே நிர்வாகப் போக்கையே குறைகூறியது. நீக்கப்பட்டோரின் இடத்திற்கு வந்தவர்களும் சேர்ந்தே 1987இல் புதிய சங்கத்தை அமைத்தனர் என்பதை இவ்விரு அறிக்கைகளோடு வைத்து வாசிக்கவேண்டும்.