திருகோணமலையும் விபுலாநந்தரின் இசைத்தமிழ்ச் செல்வமும்

இசைவல்லார் ஒருவரின் ஆக்கம் அவர் காலத்திற்குப் பின்னும் நிலைபெறுவது அதன் சிறப்பினால் மட்டுமன்று. அதனைக் காக்கும் பொறுப்பினை ஒரு நிறுவனம் ஏற்பதனாலுமாகும். இவ்வுண்மையைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் கோணமாமலைமீது பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்து மூன்றாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அவர் அதனை இராமேச்சரத்தில் இருந்தவாறே பாடினார் என்பது மரபு. பாடல்பெற்ற கோயிலோ 1624இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. கோயில் அழிந்தும் பதிகம் அழிந்திலது. காரணம் யாது? அது ஓரிடத்தை மட்டும் சார்ந்திருக்கவில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாடோறும் மூன்று குறுணி நெல் நிவந்தமாக அளித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. இத்தகைய நிவந்தங்களே அக்காலத்து அறக்கட்டளைகளாம்.

இப்பண்களின் இலக்கணத்தை நம் காலத்தில் மீட்க முயன்றவர் சுவாமி விபுலாநந்தர் (1892–1947). காரைதீவிற் பிறந்த அடிகள், துறவு பூண்டு தாயகம் மீண்டபின், 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்த திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பேணி வளர்த்தார். சில காலம் அதன் அதிபராகவும் விளங்கினார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பற்றுக்கோடாகக் கொண்டு பழந்தமிழ் யாழின் உறுப்புகளையும் நரம்பு முறையையும் கணித வழியே நிறுவுகின்றது. தேவாரப் பண்களுக்கு அதில் தனி இயலே உண்டு.

இந்நூல் நமக்குக் கிடைத்தமையும் நிறுவனத்தின் துணையினாலேயாம். செட்டிநாட்டு வள்ளல் ஒருவர் பொருளுதவ, கரந்தைத் தமிழ்ச் சங்கம் இதனை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், அடிகளின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட, நூல் அரங்கேறியது. அதன்பின் ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார். வெளியீடு சிறிது தாழ்த்திருப்பின், ஆசிரியரின் மேற்பார்வையை இழந்த கையெழுத்துப்படியாகவே அது எஞ்சியிருக்கும்.

அச்சேறிய நூல் பல படிகளாய்ப் பரவித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கடிதம், குறிப்பேடு, நிழற்படம், பாடசாலைப் பதிவேடு ஆகியவற்றுக்கு அவ்வலிமை இல்லை. 1978இன் சூறாவளி, 1981இன் யாழ்ப்பாண நூலக எரிப்பு, நீண்ட போர், 2004இன் ஆழிப்பேரலை ஆகியவற்றைக் கண்ட நாட்டில், ஒரே படியாய் ஓரிடத்திலுள்ள ஆவணம் பாதி இழந்த ஆவணமே. கல்லடியில் அடிகளின் பெயரால் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழக அழகியற் கற்கைகள் நிறுவகம் இசைக்கல்வியைப் பேணுகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவிற் காத்து வருகின்றது. ஆயின் திருகோணமலைக் காலத்து ஆவணங்களைத் தேடித் தொகுத்தல் அவ்வூரார் முன்னின்று ஆற்றவேண்டிய கடமையாகும்.

ஆதலின், துறைமுக நகரில் ஓர் ஆவண அறக்கட்டளை அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. அதன் முதற்பணி சிலை நாட்டலன்று. பழைய மாணவர் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றினையும் படியெடுத்து, வெவ்வேறு ஊர்களில் மூவிடத்தேனும் வைத்தலாகும். அடுத்தது, கோணமலைப் பதிகத்தைப் பண்ணோடு பாடவல்லார் குரலைப் பதிவுசெய்து இளையோர்க்குப் பயிற்றுதல். பதிகத்தைக் காத்தவை ஏடும் குரலுமாகிய இரண்டுமே. யாழ்நூலாரின் செல்வத்துக்கும் அவ்விரண்டும் வேண்டும்.